சிறுநீர் தாராளமாகப் போகிறது, ஆனால் சிறுநீரகம் பழுது என்கிறார்கள். இது எப்படி?

படுவான்கரை மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெல்லாவெளிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 58 வயது. இருபது வருடத்துக்கு மேலாக வட்டவிதானையாக, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பில், இருக்கிறார். நவகிரிக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எந்த நாள் எவ்வளவு போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நீரிழிவு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இரத்த அழுத்தமும் உண்டு. விதைப்புக் காலமும் வெட்டுக் காலமும் வந்துவிட்டால் கிளினிக்கை மறந்துவிடுவார்.

போன கிழமை கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போய் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தோம். கிரியேற்றினின் 1.9. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். சிறுநீரகம் ஏறக்குறைய 40 வீதம்தான் வேலை செய்கிறது என்று டொக்டர் சொன்னார். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

அப்பா நம்பவில்லை. "வாய்க்கால் பழுது என்றால் தண்ணீர் நிற்க வேண்டும். எனக்குத் தடையில்லாமல் போகிறது. நிறம்கூட இல்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இரவில் நாலு தரம் எழும்பிப் போகிறேன். வலி என்று ஒன்று இல்லை. இதில் எங்கே பழுது?" என்று கேட்கிறார். நான் வணிகப் பிரிவில் படித்தவன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டொக்டர் எழுதிக் கொடுத்த லோசாட்டன் குளிசை பிரிக்காமல் அலுமாரியில் கிடக்கிறது. மாமா நெருஞ்சில் அவித்துக் குடிக்கச் சொல்லி, நாளைக்கு இரண்டு இளநீரும் வெட்டிக் கொடுக்கிறார். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அயலில் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு விளங்கும்படி நான் என்ன சொல்வது?


ஓய்வுபெற்ற தாதி, கல்லடி எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நான் 31 வருடம் தாதியாக இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில். இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்துக் கிடந்தவர்களில் எத்தனையோ பேர் முதல் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு இதையேதான் சொன்னார்கள்: "சிறுநீர் நன்றாகத்தானே போனது மிஸ்ஸி." அந்தக் குரல் இன்னும் காதில் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அழுக்கைப் பொறுக்கி வெளியே போடுவதுதான் சிறுநீரகத்தின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வேலை செய்யும் விதம் வேறு. முதலில் நல்லது கெட்டது பாராமல் நீரையும் அதில் கரைந்த சிறு பொருள்களையும் வடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு உடம்புக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்கிறது. யாருக்கும் வேண்டாமல் மிஞ்சுவது சிறுநீர். கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடியில் அகப்பட்டது எல்லாம் மணலுக்கு வரும். பெட்டிக்குள் போக வேண்டியது போகும், மிச்சம் கடலுக்குப் போகும். அந்த மாதிரி.

கணக்கை அப்பாவிடம் சொல்லுங்கள், கணக்கு அவருக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் சிறுநீரகத்திகள், அதாவது வடித்துத் திருப்பி எடுக்கும் நுண்ணிய அலகுகள், இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிர்க்குழாய்கள் சுருண்ட ஒரு சின்னப் பந்து, கலன்கோளம் என்பார்கள். இந்தப் பந்துகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் வடிக்கின்றன. டீசல் அடைத்து வரும் பெரிய பீப்பாய் ஒன்று 200 லீற்றர், அது நிறையக் கொஞ்சம்தான் குறைவு. அதில் வெளியே வருவது ஒன்றரை லீற்றர் அளவு. மற்றதெல்லாம் நீண்ட நுண்குழல்கள் வழியே போகும்போது இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. குளுக்கோசு, உப்பு, அமினோ அமிலம் எல்லாம் அதோடு திரும்புகின்றன.

இப்போது அவருக்கு 40 வீதம் என்றால், 180க்குப் பதிலாக 72 லீற்றர் வடிகிறது. 72 லீற்றரில் இரண்டு லீற்றரை வெளியே விடுவதற்கு என்ன தடை? ஒன்றுமில்லை. ஆகவே சிறுநீரின் அளவு கடைசிக்குக் கிட்டப் போகும் வரைக்கும் குறையாது. குறைவது கழுவப்படும் இரத்தத்தின் அளவு. கிரியேற்றினின் என்பது தசைகளில் நாள்தோறும் உண்டாகும் கழிவு, பெரும்பாலும் அந்த வடிதிரவத்தோடுதான் வெளியேறும். வடிப்பு பாதியானால் இரத்தத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகத் தேங்கும். அவருடைய 1.9 சொல்வது அதைத்தான். அரைவாசி போகும் வரை அந்த எண் பெரும்பாலும் வழமையான எல்லைக்குள்ளேயே நிற்கும் என்பதால்தான் இவ்வளவு காலமும் யாருக்கும் தெரியவில்லை.

இனிக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பது. அதைக் கேட்டதும் எனக்கு மனம் திக்கென்றது. நல்ல சிறுநீரகம் இரவில் மூளையடிச் சுரப்பியின் கட்டளைப்படி தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் விடியற்காலைச் சிறுநீர் மஞ்சளாகக் கடுமையாக இருக்கும், நாமும் ஏழு மணி நேரம் எழும்பாமல் தூங்குகிறோம். பழுதடையும் சிறுநீரகம் முதலில் இழப்பவற்றில் ஒன்று இந்தப் பிடிப்பு. கழிவைச் சுருக்கி அனுப்ப முடியாமல், பகலும் இரவும் ஒரே மாதிரித் தெளிந்த நீராக விட்டுக்கொண்டிருக்கும். எனவே அவர் நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டதை நான் எச்சரிக்கையாகப் பார்க்கிறேன். ஆனால் இரவில் எழும்புவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரத்தத்தில் குளுக்கோசு 180க்கு மேல் போனால் திருப்பி எடுக்க முடியாமல் சிறுநீரில் வழியும், வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஐம்பது வயதுக்குப் பிறகு ஆண்களுக்கு சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றியுள்ள புரொஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கும். அப்போதும் அடிக்கடி போக வேண்டிவரும், ஆனால் தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஒரு போத்தலில் அளவுக் கோடு போட்டு, ஒரு முழு நாள் பகலிலும் இரவிலும் ஒவ்வொரு தடவையும் அளந்து நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அவர் நோவுக்குக் குளிசை போடுகிறாரா? வயல் வேலை செய்பவர் இடுப்பு நோவுக்கு டைக்ளோபினக் வாங்கிப் போடாமல் இருந்தால் எனக்கு ஆச்சரியம். வட்டவிதானையாருக்கு இது உடனே விளங்கும்: ஒவ்வொரு கலன்கோளத்துக்கும் உள்ளே வர ஒரு மதகு, வெளியே போக ஒரு மதகு. இரண்டும் கூடிக் குறைந்துதான் நடுவில் அமுக்கம் நிற்கிறது, அந்த அமுக்கத்தில்தான் வடிப்பு நடக்கிறது. கச்சான் காற்று வீசும் வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றும்போது, சிறுநீரகம் உள் மதகைத் திறந்து வைக்க ஓர் இரசாயனத்தைத் தானே சுரக்கும். டைக்ளோபினக் போன்றவை அந்த இரசாயனத்தைத் தடுத்துவிடுகின்றன. வெயில், தாகம், இந்தக் குளிசை மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் உள் மதகு இறுகிவிடும். இளம் ஆளுக்கு அது பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகும். 40 வீதத்தில் இருப்பவருக்கு அப்படி மீள்வது நிச்சயமில்லை. தயவுசெய்து நிறுத்துங்கள், டொக்டரிடம் வேறு கேளுங்கள்.

அலுமாரியில் கிடக்கும் லோசாட்டன் வெளி மதகைத் தளர்த்துகிறது. நீரிழிவில் வருடக்கணக்காக அந்தப் பந்துக்குள் ஏறி நின்ற அமுக்கத்தைக் குறைத்து, புரதம் கசிவதைக் குறைக்கிறது. தொடங்கியதும் கிரியேற்றினின் சிறிது கூடலாம். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள், டொக்டர் சொல்லும் நாளில் இரத்தத்தைத் திரும்பப் பரிசோதியுங்கள், பொட்டாசியத்தையும் சேர்த்து. பொட்டாசியம் தெரியும் வரை இளநீரை நிறுத்துங்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம்தான். மிதமிஞ்சிக் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாமா அன்போடு செய்கிறார், அவரை நோகடிக்காமல் சொல்லுங்கள். காமரங்காயும் வேண்டாம், அதில் ஒட்சலேற்று மிகுதி, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மூளையைப் பாதிக்கும் நச்சும் இருக்கிறது. நெருஞ்சில் சிறுநீரைப் பெருக்கலாம். பெருகுவது அவருக்குக் குறையில்லை என்று மேலே பார்த்தோம்.

கிணற்றைப் பற்றி. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் 1990களிலிருந்து விவசாயிகளிடையே காணப்பட்ட, காரணம் இதுதான் என்று முடிவாகாத சிறுநீரக நோய் நம் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கத்திலும் இருக்கிறது. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வற்றுதல் எல்லாம் ஆராயப்படுகின்றன. ஆனால் அந்த நோய் நுண்குழல்களில் தொடங்குவது, ஆரம்பத்தில் புரதம் அதிகம் போகாது. பதினொரு வருட நீரிழிவும் அழுத்தமும் உள்ளவருக்கு இரண்டு பிளஸ் புரதம் என்றால், டொக்டர் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான். கிணற்றைப் பரிசோதிக்க வேண்டுமானால் பரிசோதியுங்கள். அதைக் காரணம் காட்டி நீரிழிவைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.


பொத்துவில்காரன் எழுதியது:

எனக்கு இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகத்தில் கல் வந்தது. விலாவின் பின்பக்கம் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இழுத்த வலி. இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. விடியும் வரை வீட்டு விறாந்தையில் நடந்தேன். சிறுநீரகம் பழுது என்றால் அப்படி ஒரு வலி இருக்க வேண்டும் அல்லவா? வலியே இல்லாமல் 60 வீதம் போய்விட்டது என்றால் பரிசோதனையில் பிழை இருக்குமோ? வேறு இடத்தில் ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பாருங்கள் தம்பி.


விஞ்ஞான ஆசிரியை, அக்கரைப்பற்று எழுதியது:

பொத்துவில் சகோதரருக்கு: திரும்பப் பரிசோதிக்கச் சொன்னது நல்ல யோசனை. நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வதற்கே மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதைப் பார்க்க வேண்டும். ஆனால் வலியை வைத்து முடிவு செய்ய முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

பதினோராம் தரத்துக்கு இந்தப் பாடம் வரும்போது இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து இரண்டு ஆட்டுக் குண்டிக்காய் வாங்கிக்கொண்டு போவேன். கரும்பலகையில் அவரைவிதை வடிவம் வரைந்து காட்டியதெல்லாம் பிள்ளைகளுக்கு மறந்துவிடும். இது மறக்காது. மேலே கொழுப்பைச் சுரண்டி எடுத்தால், மெல்லிய உறை ஒன்று அவித்த முட்டையின் உட்தோல் மாதிரி உரிந்து வரும். பிளேட்டால் நெடுக்காகப் பிளந்தால் வெளி ஓரமாகக் கருஞ்சிவப்பில் ஒரு பட்டி. அது மேற்பட்டை, கலன்கோளங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உள்ளே வெளிறிய பகுதியில் நுண்ணிய கோடுகள் நடுவை நோக்கி ஓடும். அந்தக் கோடுகள்தான் தண்ணீரைத் திருப்பிப் பிடிக்கும் ஹென்லேயின் தடங்களும் சேர்க்கும் கான்களும். மனிதருக்கு அவை பல கூம்பகங்களாகப் பிரிந்திருக்கும், ஆட்டுக்கு ஒன்றாக இணைந்திருக்கும். உட்குழிவில் ஓர் ஈர்க்கை மெதுவாக விட்டால் புனல் போன்ற வெள்ளைப் பையிலிருந்து சிறுநீர்க்குழாய் வழியே வெளியே வரும். பிள்ளைகள் முறை வைத்து ஈர்க்கை விட்டுப் பார்ப்பார்கள்.

வலியை உணரும் நரம்புகள் அந்த வெளி உறையிலும், நடுப் பையிலும், சிறுநீர்க்குழாயிலும் இருக்கின்றன. வடிக்கும் சதைக்குள் அப்படி உணர்ச்சி இல்லை. நீரிழிவு கெடுப்பது அந்தச் சதையை. எத்தனை கலன்கோளம் தழும்பாகிப் போனாலும் அது சத்தம் போடாது. உங்களுக்கு வந்த கல் குழாயில் மாட்டியது. சிறுநீர்க்குழாய் 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம், உள்ளே 3, 4 மில்லிமீற்றர்தான் அகலம், மூன்று இடத்தில் இன்னும் ஒடுங்கும்: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய இரத்தக்குழாயைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். அந்தக் குழாய் வெறும் பைப் இல்லை. தசைச் சுவர் அலை அலையாகச் சுருங்கித் துளித் துளியாகக் கீழே தள்ளுகிறது, நாம் படுத்திருந்தாலும் தள்ளும். கல் மாட்டியதும் அந்தத் தசை இன்னும் பலமாக நெருக்குகிறது, பின்னால் நீர் தேங்கிப் பையும் உறையும் விரிகின்றன. விறாந்தையில் உங்களை நடக்கவைத்தது அதுதான்.

போன தவணையில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், சிறுநீர்ப்பை நிறைந்து நெருக்கினால் சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகாதா?" எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம். குழாய் பையின் சுவரை நேராகத் துளைக்காமல் சரிவாக ஊடுருவிப் போவதால், பை நிறைய நிறையச் சுவரே குழாயை அமுக்கி மூடிவிடுகிறது. அடுத்த தவணைக்கு அதைக் களிமண்ணில் செய்து காட்டப் போகிறேன்.


படுவான்கரை மகன் எழுதியது:

அக்காவுக்கும் ஆசிரியைக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 72 லீற்றர் கணக்கில் என்னை நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார். மதகு வந்ததும் எழும்பிப் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசை அட்டையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். டைக்ளோபினக்தான். சிறுபோகம் தொடங்கியதிலிருந்து நாளைக்கு இரண்டு போட்டிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு ஒரு வெறுந்தேத்தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். இடையில் தண்ணீர் குடிப்பதில்லை.

ஒன்றேகால் லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, அம்மா அளவுக் கோடு போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அப்பா தண்ணீர்முறைக் கொப்பியிலேயே எழுதினார். பகல் முழுவதும் 1,100 மில்லிலீற்றர். படுத்த பிறகு 11.10க்கு 300, 1.30க்கு 350, 3.15க்கு 330, விடிய 5.20க்கு 320. திங்கள் காலை சாப்பாட்டுக்கு முன் குளுக்கோசு 146. சிறுநீர் போகும் வீச்சுக் குறையவில்லை, முக்க வேண்டியதும் இல்லை என்கிறார். சிறுநீர் நுரைப்பதாகவும், நுரை கனநேரம் நிற்பதாகவும் இப்போதுதான் சொன்னார்.

லோசாட்டன் போடச் சம்மதித்துவிட்டார். மாமாவிடம் அவரே பேசி இளநீரை நிறுத்திவிட்டார். உங்களிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி தந்திருக்கிறார்: "வாய்க்கால் தூர்ந்தால் கோடையில் வெட்டித் துப்புரவாக்குகிறோம். தூர்ந்துபோன அந்த 60 வீதத்தையும் அப்படி வெட்டித் திறக்க முடியாதா?"


ஓய்வுபெற்ற தாதி, கல்லடி எழுதியது:

தம்பி, காலையில் இதை வாசித்ததும் உங்கள் அம்மா கோடு போட்ட போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது.

அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தழும்பாகிப்போன சிறுநீரகத்திகள் திரும்ப வராது. புதிதாக முளைப்பதும் இல்லை, நாம் பிறக்கும்போது இருந்த எண்ணிக்கைதான். ஆனால் அந்த 60 வீதமும் தழும்பு என்று இப்போதே சொல்ல முடியாது. அதில் ஒரு பங்கு குளிசையும் தாகமும் சேர்ந்து உள் மதகை இறுக்கியதாக இருக்கலாம். அந்தப் பங்கு திரும்பி வரக்கூடும். சில கிழமைகள் டைக்ளோபினக் இல்லாமல் இருந்து எடுக்கும் கிரியேற்றினின்தான் உண்மையான எண். மிச்சம் இருக்கிற சிறுநீரகத்திகள் இப்போது செத்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. அவற்றின் பாரத்தைக் குறைக்கத்தான் லோசாட்டன், அழுத்தக் கட்டுப்பாடு, சீனிக் கட்டுப்பாடு, உப்புக் குறைப்பு எல்லாம். கருவாடும் அப்பளமும் இந்த வீட்டில் இனிக் குறைய வேண்டும்.

நீங்கள் தந்த கணக்கில் பாதிக்கு மேல் இரவில் போகிறது, தடவைக்கு 300க்குக் குறையாமல். புரொஸ்டேட்டை விட, பிடித்து வைக்க முடியாத சிறுநீரகத்தின் பக்கம்தான் இது சாய்கிறது. 146 என்பது சாப்பாட்டுக்கு முன் எடுத்தது, சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டும். நுரை என்பது புரதம். வயலுக்குப் போகும்போது இரண்டு லீற்றர் தண்ணீர் கையில் இருக்கட்டும், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இடையிடையே குடிக்கட்டும். காலில் வீக்கம் கண்டால் மட்டும் குடிக்கும் அளவை டொக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயல் நீரில் இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி போய்த் தங்குவது சிறுநீரகத்தின் நுண்குழல்களில்.

கிளினிக்குக்குப் போகும் அன்று விடியற்காலை முதல் சிறுநீரைக் கொண்டு போங்கள், புரதத்தை எண்ணாக அளக்கக் கேளுங்கள், பிளஸ் போதாது. ஸ்கான் எடுக்கும் நாளில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், கழித்துவிட்டுப் போக வேண்டாம். ஈமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள், செங்குருதிக் கலங்களை உண்டாக்கத் தூண்டும் ஹோர்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது, அவர் களைப்பு என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தத் தண்ணீர்முறைக் கொப்பியையும், அம்மாவிடம் கொடுத்த குளிசை அட்டையையும் மறக்காமல் கொண்டு போங்கள். டொக்டரிடம் மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்றாலும் அந்த இரண்டையும் மேசையில் வைத்தால் போதும். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்ணை இங்கே எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.